18 மார்க் வராதவர்களுக்காக ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்ஷூரன்ஸ் முகவர்களைச் சேர்க்கும் வளர்ச்சி அதிகாரிகளுக்கும், கிளை மேலாளர்களுக்கும், தனியார் கம்பெனி சேல்ஸ் மேனேஜர்களுக்கும்,

வணக்கம்.

முகவர் தேர்வு எழுத ஆள் சேர்க்கும்போது நீங்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரு வசனம் சொல்வீர்கள். "50 கேள்விதாம்மா. 18 போட்டா பாஸ். நெகட்டிவ் மார்க் கிடையாது. கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிச்சாலே வந்துடும்." தயவுசெய்து இனிமேல் இதைச் சொல்லாதீர்கள். முதலில் கணக்கே தப்பு. நாலு விடையில் ஒன்று சரி என்றால், கண்ணை மூடி அடிப்பவருக்கு 50-க்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோதான் தேறும். 18-க்கு அது போதாது. பாலிசிதாரருக்கு வட்டிக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற நமக்கு இதுகூடத் தெரியாதா?

கணக்கு தப்பானால் போகட்டும், அந்த வசனம் செய்கிற கெடுதல்தான் பெரிது. கஷ்டமான பரீட்சை என்று சொல்லி அனுப்பினால், தோற்றவர் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று திரும்பி வருவார். யார் வேண்டுமானாலும் பாஸாகிவிடலாம் என்று சொல்லி அனுப்பினால், தோற்றவர் தன்னை எந்தக் கணக்கில் வைப்பார்? எட்டாம் வகுப்போடு நின்ற கணவர், "பத்தாவது பாஸ்னு பேரு, இதுகூட எழுத முடியலையா" என்று கேட்டார் என்று ஒரு தங்கை என்னிடம் சொன்னாள். அவள் சேலத்தில் பரீட்சை எழுதிவிட்டு பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள், இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று. அவளைச் சேர்த்துவிட்ட டி.ஓ. (வளர்ச்சி அதிகாரி) சாருக்கு இது தெரியாது. மார்க் 15 என்று தெரிந்ததோடு அவரும் போன் செய்யவில்லை.

நான் காவேரிப்பட்டினம் பக்கம். உங்களைப் போன்ற ஓர் அதிகாரி சேர்த்துவிட்ட முகவர்தான். ஐ.சி.38 என்கிற இந்த முகவர் தேர்வில் தவறியவர்கள் யார் மூலமாகவோ கேள்விப்பட்டு வருவார்கள், சாயந்திரம் உட்கார்ந்து படிப்போம். எந்தக் கம்பெனி என்று கேட்பதில்லை. காசும் வாங்குவதில்லை. "நீயே உனக்குப் போட்டிக்கு ஆள் தயார் பண்றே" என்று வீட்டில் திட்டு விழுகிறது. இரண்டு மாவட்டத்திலும் இன்ஷூரன்ஸ் எடுக்காத வீடு எத்தனை கிடக்கிறது என்று பார்த்தால் போட்டிக்கு இன்னும் பல தலைமுறை ஆகும்; அது வேறு கதை.

வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எங்கே தடுக்கினீங்க?" என்பதுதான். பெரும்பாலும் பாடம் தெரியாமல் தோற்றவர்கள் இல்லை. மௌஸைக் கையால் தொட்டதே அன்றைக்குத்தான் என்பார்கள். கைப்பேசியில் விரலால் தள்ளிப் பழகியவருக்கு ஒரு மணி நேரத்தில் 50 கேள்வி. அதில் முதல் பத்து நிமிடம் அம்புக்குறியைத் தேடுவதிலேயே போய்விடும். பிறகு வேகம் பிடிக்கப் பார்த்து, "கீழ்க்கண்டவற்றுள் எது பொருந்தாது" என்பதை "எது பொருந்தும்" என்று படித்திருப்பார்கள். தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவரை, கேட்காமலேயே ஆங்கிலத்தில் பதிந்த கதையும் உண்டு. ஆபீஸில் படிவம் நிரப்பின பையன் வழக்கம்போல் ஒரு டிக் போட்டிருப்பான். தமிழில் எழுத வசதி இருக்கிறது என்பதே அந்த அண்ணனுக்கு என்னிடம் வந்த பிறகுதான் தெரிந்தது.

இதில் ஒன்றையாவது அவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்களா? மாட்டார்கள். நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ரிசல்ட் வந்த அன்றைக்கே, சூடு ஆறுவதற்குள் கேட்டால்தான் எந்தப் பகுதி உதைத்தது என்று ஞாபகத்தில் இருக்கும். பத்து நாள் கழித்துக் கேட்டால் "எல்லாமே கஷ்டமா இருந்துச்சு சார்" என்ற ஒரே பதில்தான் வரும்.

உங்களில் சிலர், "பரீட்சை நடத்துறது நாங்க இல்லையே, மும்பை இன்ஸ்டிடியூட் இல்ல நடத்துது" என்கிறீர்கள். சரி, பரீட்சை அவர்களுடையது. ஆனால் முகவர் யாருடையவர்? முன்பு உரிமம் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பெயரில் வந்தது. 2015-இல் இன்ஷூரன்ஸ் சட்டத்தைத் திருத்திய பிறகு முகவரை நியமிப்பதே கம்பெனிதான். ஊரில் இன்னும் லைசென்ஸ் என்றுதான் சொல்கிறோம், கையில் கிடைப்பது உங்கள் நியமனக் கடிதம். முகவர் செய்கிற தவறுக்கும் செய்யத் தவறியதற்கும் கம்பெனியே பொறுப்பு, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. பாஸானவரின் தவறுக்குப் பொறுப்பேற்கிற நீங்கள், பாஸாகாதவர் ஏன் பாஸாகவில்லை என்று பார்ப்பதற்கும் பொறுப்பேற்கலாமே.

பார்ப்பது என்றால் என்ன? இப்போது நடப்பதைச் சொல்கிறேன். தோற்றவருக்கு அடுத்த காலியான தேதியில் மறுபடி பதிவு; வாட்ஸ்அப்பில் 300 கேள்வி, விடையோடு; "இதையே மனப்பாடம் பண்ணிடுங்க." அவ்வளவுதான். அந்த பி.டி.எஃப். எந்தக் காலத்தது என்று நீங்களாவது திறந்து பார்த்தீர்களா? என்னிடம் வந்த ஒரு நகலில், இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-ஆவது பிரிவுக்கு இன்னும் இரண்டு வருடக் கணக்கே இருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு அது மூன்று வருடம். மூன்று வருடம் தாண்டிவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. பாலிசி வந்தபின் படித்துப் பார்த்து வேண்டாம் என்றால் திருப்பித் தருகிற அவகாசம் இப்போது 30 நாள். அந்த நகலில் 15 நாள். இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) கொண்டுபோகக்கூடிய புகாரின் உச்சவரம்பு 2023-இல் 50 லட்சமாகிவிட்டது; அதில் 20 லட்சம். இதைப் படித்துப் பாஸானாலும் ஆபத்துதான். அவர் நாளைக்குப் பென்னாகரத்திலோ பர்கூரிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதே பழைய பாடத்தைத்தான் சொல்லப்போகிறார்.

மறுபடி எழுதுகிறவருக்கு வேண்டியது இன்னொரு 300 கேள்வி இல்லை. நாலைந்து இடத்தில்தான் அவர்களுக்குச் சிக்கல். அதை ஊர் விஷயத்தில் வைத்துச் சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள்.

மனித உயிர் மதிப்பு என்ற கணக்கு. சூத்திரமாகச் சொன்னால் ஓடுகிறார்கள். நான் இப்படிக் கேட்பேன்: ஓசூர் சிப்காட்டில் மாதம் 20,000 வாங்குகிற பையன். வருடத்துக்கு 2,40,000. அவன் சாப்பாடு, பஸ், செல்போன் என்று தனக்கே 60,000 செலவழிக்கிறான். வீட்டுக்கு வருவது 1,80,000. அவன் இல்லாமல் போனாலும் அந்த 1,80,000 வருடாவருடம் வரணும், அசலைத் தொடக் கூடாது; பேங்கில் 6 சதவீதம் வட்டி என்றால் எவ்வளவு போட்டு வைக்கணும்? வட்டிக்குக் கொடுத்து வாங்கின ஊர்தானே, ஒரு அக்கா பேப்பரே எடுக்காமல் 30 லட்சம் என்றார். பயிற்சி வகுப்பில் இதே கணக்கைப் போட்ட நாளில் தூங்கிவிட்டதாகவும் அவரே சொன்னார்.

அடுத்து, யார் பேரில் யார் பாலிசி எடுக்கலாம் என்பது. பாலக்கோடு மண்டியில் கமிஷன் கடைக்காரர் தக்காளி போடுகிற விவசாயிக்கு ஒரு லட்சம் முன்பணம் கொடுத்திருக்கிறார். அந்த விவசாயி பேரில் அவர் பாலிசி எடுக்கலாமா? எடுக்கலாம், கடன் அளவுக்கு. பக்கத்துக் கடைக்காரர், சும்மா நண்பர், எடுக்கலாமா? முடியாது, அந்த உயிர் போனால் அவருக்குப் பண நஷ்டம் இல்லை. அப்புறம் இன்னொரு கேள்வி: ஆயுள் காப்பீட்டில் இந்தச் சம்பந்தம் எப்போது இருக்க வேண்டும், பாலிசி எடுக்கும்போதா, கிளெய்ம் வரும்போதா? எடுக்கும்போது. தீ, வண்டி இன்ஷூரன்ஸில் நஷ்டம் நடக்கிற நேரத்திலும் இருக்கணும். விற்றுவிட்ட டிராக்டருக்குப் பழைய ஓனர் கிளெய்ம் கேட்க முடியாது. டிராக்டர் என்றதும் எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது.

கருணைக் காலமும், அதாவது தேதி தாண்டியும் பிரீமியம் கட்டத் தருகிற அவகாசமும் அப்படியே. வருட பிரீமியம் கட்ட வேண்டிய நாள் தாண்டி இருபதாம் நாள் தொப்பூர் கணவாயில் விபத்து. பணம் வருமா வராதா? மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் என்று மனப்பாடம் செய்தவர்கூட இங்கே "வராது" என்பார். வரும், கட்டாத பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு வரும். இதையே மாதத் தவணை பாலிசி என்று மாற்றிக் கேட்டால் விடை தலைகீழ். அதைத் தானாகக் கண்டுபிடிக்கிற நிமிடத்தில் முகத்தைப் பார்க்கணும் நீங்கள்.

உண்மையை மறைக்காமல் சொல்வது என்ற பாடத்தை நான் கடைசியில் வைப்பேன், அதில்தான் அதிக நேரம் பிடிக்கும். அது பரீட்சையில் இரண்டோ மூன்றோ கேள்வியாக வரலாம். ஆனால் நம் பக்கத்தில் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது என்று நான் கேட்ட கதைகளில் பாதிக்கு மேல் இதில்தான் போய் நிற்கின்றன. சுகர் இருக்கிறது, மாத்திரை போடுகிறார், படிவத்தில் "இல்லை". யார் எழுதியது? "ஏஜெண்ட்தான் எழுதினாரு, நான் கையெழுத்துத்தான் போட்டேன்." மூன்று வருடத்துக்குள் இறந்துவிட்டால் ஆஸ்பத்திரி சீட்டைக் கம்பெனி எடுத்துப் பார்க்கிறது. அப்போது அந்த வீட்டுக்குள் அந்த முகவரால் நுழைய முடியாது. தோற்றுவிட்டு வந்து இந்த ஒரு பாடத்தைச் சரியாகப் படித்தவர், முதல் தடவையே மனப்பாடத்தில் பாஸானவரைவிட நல்ல முகவர் ஆகிறார் என்பது நான் கண்ட விஷயம். உங்கள் கிளையில் கிளெய்ம் ஃபைல்களை எடுத்து நீங்களே பார்க்கலாம்.

இன்னொன்று பேசாமல் இருக்க முடியவில்லை. தோற்றவரிடம், "பரவாயில்லை, பரீட்சை அப்புறம் எழுதிக்கலாம், நீங்க பிசினஸ் கொண்டாங்க, வேற ஒருத்தர் ஏஜெண்ட் கோட்ல போட்டுக்கலாம், கமிஷன் கையில கொடுத்துடறோம்" என்று சொல்கிற வழக்கம். எல்லோரும் செய்வதில்லை, செய்கிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். நியமனம் இல்லாத ஆளை வைத்து பாலிசி விற்பது குற்றம். அதைவிட, பாலிசியில் ஒருவர் பேர், வீட்டுக்கு வந்தவர் இன்னொருவர் என்றால் நாளைக்குப் பிரச்சினை வரும்போது அந்தக் குடும்பம் யாரைத் தேடும்? கமிஷன் கைக்கு வராமல் ஏமாந்தவர்களும் உண்டு. புகார் கொடுக்க முடியாது, கொடுத்தால் தானே மாட்டிக்கொள்வார். இந்த ஆசையைக் காட்டினபிறகு யார் மறுபடி பரீட்சைக்குப் படிப்பார்கள்?

தோற்றவரைப் பாயிண்ட் ஆஃப் சேல்ஸ் என்கிற சின்ன விற்பனையாளர் வேலைப் பக்கம் தள்ளிவிடுவதையும் யோசித்துச் செய்யுங்கள். 15 மணி நேரப் பயிற்சி, கம்பெனியே வைக்கிற தேர்வு, அதுவும் பத்தாவது படித்தவருக்குத்தான், தப்பே இல்லை. வண்டி இன்ஷூரன்ஸ் மட்டும் போட நினைக்கிற மெக்கானிக் கடைக்காரருக்கு அது பொருத்தம். ஆனால் அவர்கள் விற்கக்கூடியது எளிமையான, வரையறுத்த பாலிசிகள்தான். முழு முகவராக வர ஆசைப்பட்டவரை, தலைக்கணக்குக்காக அதில் போட்டுவிட்டு "அதுவும் இதுவும் ஒண்ணுதான்" என்பது சரியில்லை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 9-ஆம் தேதி பானிபட்டில் எல்.ஐ.சி.யின் பீமா சகி திட்டம் தொடங்கியதிலிருந்து முகவராக வருகிற பெண்கள் நம் பக்கமும் கூடியிருக்கிறார்கள். முதல் வருடம் மாதம் 7,000, அடுத்த வருடம் 6,000, மூன்றாம் வருடம் 5,000 உதவித்தொகை என்று கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது. தனியார் கம்பெனிகளும் அதைப் பார்த்துப் பெண்களைத் தேடுகின்றன. பெரும்பாலானோர் சுயஉதவிக் குழுக்காரர்கள். தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989-இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதலில் ஆரம்பித்ததே தருமபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரியும் அப்போது இதில்தான் இருந்தது, 2004-இல்தான் பிரிந்தது. ஆகவே இங்கே குழு நடத்திப் பழகிய, கணக்கு நோட்டு எழுதின, பேங்க் மேனேஜரிடம் நேருக்கு நேர் பேசின பெண்கள் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறார்கள். இவர்களுக்குத் தைரியம் இல்லை, படிப்பு ஏறாது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவர்களுக்கு இல்லாதது நேரம். மார்ச் கணக்கு முடிப்பதற்காக பிப்ரவரியில் ஓடி ஓடிச் சேர்க்கிறீர்கள். 25 மணி நேரப் பயிற்சியை ராத்திரி சமையல் முடித்துக் கைப்பேசியில் தள்ளித் தள்ளி முடிக்கிறார்கள். மார்ச்சில் தோற்றால் மறு தேதி ஏப்ரல், மே. அது மாங்காய்க் காலம். காவேரிப்பட்டினம், பர்கூர், ஊத்தங்கரைப் பக்கம் தோப்பிலும் மாங்கூழ் ஆலையிலும் கூலி கிடைக்கிற நாள். வருடத்துக்கு ஒருமுறை வருகிற கூலியை விட்டுவிட்டு யார் சேலம் போவார்? "இன்ட்ரெஸ்ட் இல்லை" என்று நோட்டில் எழுதிக்கொள்கிறீர்கள். ஆடி வரட்டும், பதினெட்டாம் பெருக்கும் முடியட்டும், அப்போது தேதி போடுங்கள். உங்கள் டார்கெட்டுக்கு அந்த ஆள் எந்த மாதம் பாஸானாலும் ஒன்றுதானே. ஒன்றில்லை என்றால் டார்கெட் போடுகிற மேலிடத்துக்கு இதையே அனுப்பி வையுங்கள்.

தேதி போடும்போது ஒரு சின்ன உதவி. அஞ்செட்டியிலிருந்தோ, சித்தேரி மலையிலிருந்தோ, கோட்டப்பட்டியிலிருந்தோ தனியாக ஒரு பெண் கிளம்பி, பஸ் மாறி மாறிக் காலைத் தேர்வுக்குப் போய்ச் சேருவது பெரும்பாடு. ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு பேரை ஒரே நாளில், முடிந்தால் மத்தியான நேரத்தில் பதியுங்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிளையைத் திறந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, மௌஸைப் பிடிக்கவிட்டு, 50 கேள்வியை ஒரு மணி நேரம் வைத்து எழுதவிடுங்கள். ஒரு டீ செலவுதான் உங்களுக்கு. மறு தேர்வுக் கட்டணத்தையும் கம்பெனி ஏற்றுக்கொண்டால் நல்லது. முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், கடைசி நேரத்தில் ஜிபே எண் அனுப்பாதீர்கள்.

குரூப்பில் பாஸானவர் படத்தை மாலை போட்டுப் போடுகிறீர்கள், சந்தோஷம். அதே குரூப்பில் அன்றைக்கு எழுதித் தோற்றவரும் இருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு போடுங்கள். தோற்றவரைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். பாஸாகாதவருக்கு அதில் இருக்க உரிமையில்லை என்று எந்த விதியும் இல்லை.

போன வருடம் எழுதித் தவறியவர்களின் பேரும் எண்ணும் உங்கள் கிளையில் இருக்கும். புதிதாக ஆள் தேடுவதற்கு முன்னால் இந்த வாரம் அவர்களைக் கூப்பிடுங்கள். கணவரின் எண்ணுக்கோ அண்ணனின் எண்ணுக்கோ வேண்டாம், எழுதினவரின் எண்ணுக்கே. எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள், அது உங்களுக்கே தெரியும். எங்கே தடுக்கினீங்க என்று கேளுங்கள். காவேரிப்பட்டினம் பக்கத்து ஆளாக இருந்து, உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க உங்களுக்கு நேரமில்லை என்றால் என்னிடம் அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். பாஸானதும் உங்கள் கோடில்தான் வருவார்.

இப்படிக்கு,
ஒரு முகவர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்